ஜால்ரா வாங்கப் போனவர்

அச்சகத்தில் அவருக்கு ஜால்ரா என்று பெயர். முகத்துக்கு நேராக யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. முதுகுக்குப் பின்னால்தான். ஆனால் அச்சு இயந்திரம் ஓடும் கூடத்தில் முதுகுக்குப் பின்னால் பேசுவதென்றாலும் கத்தித்தான் பேச வேண்டும். அதனால் அவருக்கும் தெரியும்.

வயது நாற்பத்தேழு. வேலை, தரம் பார்ப்பது. மருந்துக் கம்பெனிகளுக்கு அட்டைப்பெட்டி அச்சடிக்கும் இடம் அது. மாத்திரைப் பெட்டி, சிரப் பெட்டி, கண் சொட்டு மருந்துப் பெட்டி. ஒவ்வொரு வேலை தொடங்கும்போதும் இயந்திரத்திலிருந்து வரும் முதல் ஷீட்டைச் சாய்வு மேசையில் விரித்து, வெள்ளை விளக்கின் கீழ், கம்பெனி ஒப்புக்கொண்ட மாதிரியோடு ஒப்பிட்டு, ஓரத்தில் ‘சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து விழாமல் இயந்திரம் முழு வேகம் எடுக்காது. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு, பதினைந்து ‘சரி’ எழுதுவார். பத்தொன்பது வருடமாக எழுதுகிறார்.

பெயர் வந்ததற்குக் காரணம் மேனேஜர். அவர் எப்போதும் எங்கோ கிளம்பிக்கொண்டே இருப்பவர். கார் சாவியைக் கையில் ஆட்டிக்கொண்டேதான் பேசுவார். ஷீட் மேசைக்கு வந்ததும் அவரும் வந்துவிடுவார்.

“சரியா இருக்கா?”

“இருக்கு சார்.”

“அப்ப ஓட்டலாமா?”

“ஓட்டலாம் சார். இன்னும் ஒரு ஷீட் பாத்துடலாம் சார்.”

இரண்டாவது ஷீட் வரும். அதையும் விளக்கின் கீழ் பொறுமையாக விரிப்பார். “இதுவும் நல்லாத்தான் சார் இருக்கு. இன்னும் ஒண்ணு.” மூன்றாவது, நான்காவது. ஐந்தாவதிலோ ஆறாவதிலோ, சாவியை ஆட்டி ஆட்டிக் கை வலித்துப்போன மேனேஜர், வேறு வேலை இல்லாமல் முதல் தடவையாகக் குனிந்து ஷீட்டைப் பார்ப்பார்.

“என்னய்யா இது? நீலம் தூக்கலா இருக்கு?”

“அட, ஆமா சார். நீங்க சொன்னப்புறம்தான் தெரியுது.”

இயந்திரம் நிற்கும். மை சரிசெய்யப்படும். மேனேஜர் தன் கண்ணைத் தானே மெச்சிக்கொண்டு காருக்குப் போவார். நீலம் தூக்கலாக இருப்பது முதல் ஷீட்டிலேயே இவருக்குத் தெரியும். இயந்திரம் ஓட்டுகிறவர்கள் காதில் விழுவதோ அந்தக் கடைசி வரி மட்டும். இந்தப் பத்தொன்பது வருடத்தில் வாடிக்கையாளர் திருப்பி அனுப்பிய சரக்கு இரண்டே இரண்டு. இரண்டும் இவர் விடுப்பில் இருந்தபோது போனவை. அதையும் பெயரையும் யாரும் சேர்த்துப் பார்த்ததில்லை.

இதில் வேடிக்கை, ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் நிஜமாகவே ஜால்ரா தட்டுபவர்.

மனைவியின் தம்பி ஏசி மெக்கானிக். அவனுடைய பட்டறைக்கு மேலே ஒரு அறை. ஊரைக் காலிசெய்துகொண்டு போன ஒரு வாடிக்கையாளர் தன் டிரம்ஸ் செட்டைப் பட்டறையில் விட்டுப்போக, அது பதினோரு வருடத்துக்கு முன்னால் மாடி ஏறியது. உடனே மைத்துனன் ஒரு பேஸ் கிட்டார் வாங்கினான். பள்ளி வேன் ஓட்டுகிறவர் ஒருவர் பாட வந்தார். கணக்கு வாத்தியார் ஒருவர் கிட்டாரோடு வந்தார். டிரம்ஸுக்கு ஆள் இல்லாததால் இவரை உட்காரவைத்தார்கள். ‘வாசிக்கிறீங்களா மாமா?’ என்று கேட்டபோது இவர் சொன்னதும் ‘சரி’தான். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. ஜன்னலுக்குப் பழைய மெத்தை அடித்து, ஞாயிறு மூன்று மணி முதல் ஐந்து மணிவரை வாசிப்பார்கள். கேட்பவர்கள், பட்டறையில் பிரித்துப் போட்டிருக்கும் ஏசிகள்.

டிரம் வாசிப்பவரைச் சுற்றித் தட்டுத் தட்டாக நிற்பவைதான் சிம்பல்கள். காலால் மிதித்து மூடித் திறக்கும் ஜோடிக்கு ஹை-ஹேட் என்று பெயர். பாட்டு முழுக்கத் தாளத்தை நடத்திக்கொண்டு போகும் பெரிய தட்டு, ரைடு. பாட்டு திரும்பும் இடத்தில் ஓங்கி ஒன்று வைப்பார்களே, அது கிராஷ். இவருடைய மூன்றும் செட்டோடு வந்த பித்தளைத் தகடுகள். ஹை-ஹேட், மழையில் நனைந்து காய்ந்த அட்டை மாதிரி நெளிந்திருந்தது. ரைடைத் தட்டினால் சத்தம் வந்தது. அதற்குமேல் எதுவும் சொல்வதற்கில்லை. கிராஷின் விளிம்பில் இரண்டு விரல் நீளத்துக்கு விரிசல். விரிசல் மேலே போகாமலிருக்க அச்சகத்து ஃபிட்டரிடம் கொடுத்து அதன் நுனியில் ஒரு சின்ன ஓட்டை போட்டார். ஆறு மாதம் தாங்கியது. பிறகு விரிசல் ஓட்டையைத் தாண்டி நடந்துபோனது.

அப்படியே விட்டிருப்பார். ஆனால் அச்சகத்தின் இருபத்தைந்தாம் ஆண்டு விழா வந்தது. மேனேஜர் யாரையும் கேட்காமல் நிகழ்ச்சி நிரலில் இவர்கள் குழுவுக்கு நான்கு பாட்டு எழுதிவிட்டார். வாடகை அரங்கம், குடும்பங்களோடு நானூறு பேர், ஒவ்வொரு டிரம்முக்கும் தனி மைக்.

“மாமா, ரூம்ல அடிச்சா நமக்குள்ள போயிடும்” என்றான் மைத்துனன். “மைக் வெச்சா, உங்க விரிசல் வாசல்ல செருப்பு பாத்துக்கிறவருக்கும் கேக்கும்.”

மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் கவுண்டரில் இருப்பவர். இவருடைய ஓவர்டைம் பணத்தை மாதாமாதம் வாங்கி, பழைய கண்ணாடிக் கூடு ஒன்றில் போட்டு வைத்திருந்தார். மொத்தம் இவருடைய பாதி மாதச் சம்பளம் தேறியது. கூட்டோடு கொடுத்தார்.

“ஒரே தடவதான். இதுக்கு மேல இல்ல.”

“சரி.”

“அந்தச் சரியெல்லாம் எனக்கு வேணாம். நான் சொல்றதக் கேளுங்க. எதையாவது தூக்கிட்டு வந்து, ஆறு மாசம் கழிச்சு மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காரக் கூடாது. நீங்களா பாத்து எடுக்கணும். தம்பி சொன்னான், கடைக்காரன் சொன்னான்னு எடுத்துட்டு வந்தீங்க, அத இந்த வீட்டுக்குள்ள விட மாட்டேன்.”

அவர் கண்ணாடிக் கூட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வேலை பெரியப்பா வாங்கிக் கொடுத்தது. வீடு மனைவி பார்த்தது. சட்டை மகள் எடுப்பது. டிரம்ஸ் மைத்துனனுடையது. தானாகப் பார்த்து எடுத்தது என்று யோசித்தபோது, கடைசியாக வாங்கிய குடை மட்டும் நினைவுக்கு வந்தது. அதுவும் மழையில் அவசரமாக.

பழைய இசைக் கருவிகள் விற்கும் கடை ஒரு லாட்ஜின் மாடிப்படிக்கு அடியில் இருந்தது. தலை இடிக்கும் பக்கத்தில் வயலின்கள்; இடிக்காத பக்கத்தில் கடைக்காரர், ஒரு ஆம்ப்ளிஃபயரைக் குடைந்தபடி. அந்தக் குடையின் உறைக்குள் தன் இரண்டு குச்சிகளைப் போட்டு எடுத்துக்கொண்டு, இவர் முதல் சனிக்கிழமை போனார்.

“அண்ணே, கையில எவ்வளவு வெச்சிருக்கீங்கன்னு நான் கேக்கல” என்றார் கடைக்காரர். “கம்மியாத்தான் இருக்கும். இங்க வர்றவங்க எல்லாருக்கும் அப்படித்தான். ஒண்ணு மட்டும் சொல்றேன். பெட்டியில நாலு பீஸ் சேத்துப் போட்டு, பளபளன்னு விக்கிறான் பாருங்க, அதத் தொடாதீங்க. ஒரே தகட்ட வட்ட வட்டமா வெட்டிப் பேர் வெச்சிருப்பான். காசு கம்மின்னா உருப்படியா ரெண்டு எடுங்க. கால் ஜோடி ஒண்ணு, ரைடு ஒண்ணு. கிராஷ் ஒரு பாட்டுக்கு எத்தன தடவ அடிப்பீங்க?”

“எட்டு, பத்து.”

“அது அடுத்த வருஷம் வரட்டும்.”

கடையின் கோடியில் ஒரு ரைடு தொங்கியது. இருபது அங்குலம். காப்பிக் கறை நிறம். மேலே எழுதியிருந்த எழுத்தெல்லாம் தேய்ந்து போயிருந்தது. இவர் முதலில் அதைத் தட்டவில்லை. இறக்கி, நடுத் துளை வட்டமாக இருக்கிறதா, ஒரு பக்கம் இழுபட்டிருக்கிறதா என்று விளக்கில் பார்த்தார். பிறகு கட்டைவிரல் நகத்தை விளிம்பு முழுக்க ஓட்டினார். அட்டைப்பெட்டியின் வெட்டு சுத்தமாக இருக்கிறதா என்று தினமும் பார்க்கும் அதே நகம், அதே வேகம். நகம் எங்கும் இடறவில்லை. திரும்ப மாட்டிவிட்டு, குச்சியை எடுத்தார்.

‘டிங்’ என்ற புள்ளி தனியாக விழுந்தது. அதற்குப் பின்னால் மெல்லிய இரைச்சல் ஒன்று, புதுக் காகிதக் கட்டைக் கட்டைவிரலால் விசிறிவிட்டதுபோல எழுந்து, அடுத்த புள்ளி விழுவதற்குள் ஒதுங்கி வழிவிட்டது. மறுபடி தட்டினார். மறுபடி அதேதான்.

விலை, கையிருப்பில் ஐந்தில் மூன்று பங்கு. கடையில் நல்ல ஹை-ஹேட் ஜோடி இல்லை. அது கிடைத்தால் இரண்டையும் சேர்த்து எடுக்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தார். அடுத்த சனிக்கிழமையும் போனார். அதற்கடுத்த சனிக்கிழமையும்.

“அண்ணே, நீங்க வந்து வந்து தட்டுறதுல அது தேஞ்சிடப் போகுது” என்றார் கடைக்காரர். “ஒரு பேங்க்காரர் கேட்டுக்கிட்டே இருக்கார். அடுத்த ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வரைக்கும் உங்களுக்காக வெச்சிருக்கேன். அதுக்கு மேல என்னால முடியாது.”

இது சனிக்கிழமை. புதன்கிழமை, மைத்துனன் அச்சக அலுவலகத்தின் ஏசியைச் சுத்தம்செய்ய வந்தான். வந்தவன் வேலையை மட்டும் பார்த்துவிட்டுப் போயிருக்கலாம்.

மதியம் அச்சுத் தகடு மாற்றுவதற்காக இயந்திரம் நின்றிருந்த நேரம். கூடத்தில் அபூர்வமான அமைதி. மேனேஜர் வாசலிலிருந்தே கேட்டுக்கொண்டு வந்தார்.

“ஏம்பா, ஜால்ரா வாங்கப் போறியாமே?”

ஒருவர் கையிலிருந்த ஸ்பானர் கீழே விழுந்தது. இன்னொருவர் இயந்திரத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். மூன்றாவது ஆள், சிரிப்பை இருமலாக மாற்றப் பார்த்து, இரண்டும் கலந்து மூச்சுத் திணறினார். மேனேஜருக்கு ஒன்றும் புரியவில்லை. அந்தப் பெயர் எட்டாத காது அந்தக் கட்டடத்தில் அவருடையது மட்டும்தான்.

“என்னய்யா சிரிப்பு? டிரம்ஸுக்கு வெக்கிற ஜால்ராய்யா!” என்று அதட்டிவிட்டு இவர் பக்கம் திரும்பினார். “கடையெல்லாம் எதுக்கு? நம்ம மாப்பிள்ளை சார்கிட்ட இருக்கே.”

மாப்பிள்ளை சார் என்பவர் முதலாளியின் மருமகன். போன வருடம் மூன்று மாதம் டிரம்ஸ் கற்றுக்கொண்டு, பிறகு சைக்கிளுக்கு மாறியவர்.

“புதுசு. பெட்டியோட அப்படியே இருக்கு. நாலு பீஸ். நீ எவ்வளவு வெச்சிருக்க?”

இவர் சொன்னார்.

“அதுக்கே முடிச்சுத் தர்றேன். முதலாளிகிட்டயும் சொல்லிட்டேன், நம்மாளு எடுத்துக்குவான்னு. ஞாயித்துக்கிழமை காலைல நானே கூட்டிட்டுப் போறேன். சரிதானே?”

“சரி சார்.”

சொல்லி முடித்த பிறகுதான், என்ன சொன்னோம் என்று அவருக்கே கேட்டது. பெட்டி. நாலு பீஸ்.

அன்று மாலை மனைவி சொன்னது இது: “தர்பூசணி வாங்கினாக்கூட பத்து தட்டு தட்டுவீங்க. பழக்காரர் திட்டுவார், நான் தள்ளிப் போய் நின்னுக்குவேன். இத தட்டிக்கூடப் பாக்காம சரின்னுட்டீங்களா?”

“சார் எல்லார் முன்னாடியும் கேட்டாரு.”

“எல்லார் முன்னாடியும் என் தலையக் கேட்டா?”

“ஞாயித்துக்கிழமை போய்த் தட்டிப் பாக்குறேன்.”

“பாத்து, நல்லா இல்லன்னா?”

அவரிடம் ஒரு யோசனை இருந்தது. பத்தொன்பது வருடமாகக் கைவிடாத வழி அது.

ஞாயிறு காலை பத்து மணிக்கு முதலாளி வீட்டு மாடி அறை. ஒரு பக்கம் உடற்பயிற்சி சைக்கிள். அதன் கைப்பிடியில் துண்டு காய்ந்தது. மாப்பிள்ளை சார் அரை டிராயரில் இருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். பெட்டியைத் திறந்து, ஹை-ஹேட், கிராஷ், ரைடு, கூடவே ஒரு சின்னத் தட்டு என்று நான்கையும் ஸ்டாண்டில் மாட்டி வைத்திருந்தார். அறை முழுக்கத் தங்க நிறம் அடித்தது.

“உக்காருங்க, வாசிச்சுப் பாருங்க” என்றார்.

ஹை-ஹேட்டை மிதித்துப் பார்த்தார். ‘சிக்’ என்று சுத்தமாக மூடியது. திறந்து தட்டினார், மூடித் தட்டினார். நன்றாக இருந்தது. இவருக்கே ஆச்சரியம். பிறகு கிராஷை அடித்தார். தண்ணீர் இல்லாத வாளி மாடிப்படியில் உருண்டது.

“சூப்பர்!” என்றார் மேனேஜர். அதே நொடியில் அவருடைய இடது கண் ஒரு தடவை இறுக மூடித் திறந்தது.

ரைடு அதைவிட மோசம். முதல் தட்டின் கணகணப்பு அடங்குவதற்குள் இரண்டாவது தட்டு அதில் முங்கிப் போனது. நான்காவது தட்டில் தாளம் இருந்த இடமே தெரியவில்லை. ஒரே ரீங்காரம்.

“எப்படி? நான் சொன்னேன்ல?” என்றார் மேனேஜர்.

“நல்லா இருக்கு சார். இன்னும் ஒரு தடவ தட்டிப் பாத்துடலாம் சார்.”

தட்டினார். ஓங்கி. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மேனேஜரின் இடது கண் மூடித் திறந்தது.

“சூப்பர்.”

“இன்னும் ஒண்ணு சார்.”

மூன்று, நான்கு, ஐந்து. கீழே இருந்து முதலாளி அம்மாவின் குரல் வந்தது: “மாடியில என்னப்பா, பாத்திரமா கழுவுறீங்க?” ஆறு. இந்த இடத்தில்தான் வழக்கமாக மேனேஜர் குனிந்து பார்ப்பார். ஏழு, எட்டு. ஒவ்வொரு தட்டுக்கும் கண் இறுக மூடியது. ஒவ்வொரு தட்டுக்கும் வாய் ‘சூப்பர்’ என்றது. பதினொன்றாவது தட்டில் மேனேஜர் வலது கண்ணையும் சேர்த்து மூடிக்கொண்டே சொன்னார்: “பிரமாதம்.”

குச்சி அந்தரத்தில் நின்றது. இவருக்குப் புரிந்துவிட்டது. மேனேஜருக்கு எல்லாம் கேட்கிறது. கேட்டாலும் அவர் சொல்லப் போவதில்லை. அச்சகத்தில் வாடிக்கையாளர் திருப்பி அனுப்பிவிடுவார் என்ற பயத்தில் குனிந்து பார்க்கிறவர், இங்கே முதலாளியின் மருமகனுக்கு முன்னால் நிற்கிறார். இன்னும் நூறு தட்டு தட்டினாலும் நூறு சூப்பர் வரும். இரண்டு பேரும் ஒரே தொழில்தான் பார்க்கிறார்கள் என்றால், யார் யாருக்குக் காத்திருப்பது?

“அப்ப முடிச்சுடலாமா?” என்றார் மேனேஜர்.

சட்டைப்பையில் கண்ணாடிக் கூடு கனத்தது. படிக்கட்டுக்கு அடியில் அந்தக் காப்பிக் கறைத் தட்டு மாலைவரைக்கும்தான் தொங்கும்.

“வேணாம் சார்.”

ரைடு இன்னும் ரீங்கரித்துக்கொண்டிருந்ததால் அது யாருக்கும் கேட்கவில்லை.

“என்ன?” என்றார் மாப்பிள்ளை சார்.

இவர் கையை நீட்டித் தட்டைப் பிடித்தார். சத்தம் கைக்குள் செத்தது.

“வேணாம் சார். இது சரியில்ல. கிராஷும் சரியில்ல, ரைடும் சரியில்ல. அந்தச் சின்னதும் அதே தகடுதான். ஹை-ஹேட் மட்டும் நல்லா இருக்கு.”

ஒரே மூச்சில் சொன்னார். சொல்லிவிட்டுத் தட்டைப் பிடித்த கையை எடுக்கவில்லை.

மேனேஜர் கையில் சாவி ஆட்டம் நின்றுவிட்டது. மாப்பிள்ளை சார் மேனேஜரைப் பார்த்தார்.

“நீங்க சூப்பர்னீங்களே?”

“சூப்பர்தான் சார். அது வந்து, அவர் வாசிக்கிற ஸ்டைலுக்கு...”

மாப்பிள்ளை சார் சைக்கிளின் இருக்கையில் சாய்ந்துகொண்டு சிரித்தார். “அப்பாடா! இதோட நாலு பேர் வந்து பாத்துட்டாங்க. எல்லாரும் மாமாவுக்குத் தெரிஞ்சவங்க. சூப்பர் சூப்பர்னு சொல்லிட்டு, வீட்ல கேட்டுட்டு வர்றேன்னு போவாங்க. அவ்வளவுதான், ஆளே வர மாட்டாங்க. எனக்கே சந்தேகம், என் காதுலதான் கோளாறோன்னு. அதனாலதாங்க வாசிக்கிறதையே விட்டேன். எப்படித் தட்டினாலும் பாத்திரம் மாதிரியே கேட்டுச்சு.”

“உங்க காது சரியாத்தான் சார் இருக்கு.”

“ஹை-ஹேட் மட்டும் தனியா வாங்கினது. கிளாஸ் எடுத்தவர் பிடிவாதமா வாங்க வெச்சார். அத மட்டும் எடுத்துக்குறீங்களா?”

எடுத்துக்கொண்டார். விலை, கையிருப்பில் பாதி. மற்ற மூன்றும் பெட்டிக்குத் திரும்பின.

மேனேஜரின் காரிலேயே திரும்பினார்கள். ஹை-ஹேட் ஜோடி இவர் மடியில் ஒரு பழைய தலையணை உறைக்குள் இருந்தது. மேடு பள்ளத்தில் ஏறும்போதெல்லாம் ‘சிக்’ என்றது. மூன்றாவது சிக்னலில் வண்டி நின்றபோது, மேனேஜர் சாலையைப் பார்த்தபடியே சொன்னார்:

“அந்தப் பெருசு... அண்டாவ இழுத்துட்டுப் போற மாதிரிதான்யா இருந்துச்சு.”

“அட, ஆமா சார். நீங்க சொன்னப்புறம்தான் தெரியுது.”

மேனேஜர் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். சிக்னல் பச்சையானதும் பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். அவர் கொஞ்ச நேரம் கழித்துத்தான் வண்டியை எடுத்தார்.

படிக்கட்டுக் கடையில் கணக்கு உதைத்தது. பாதி போய்விட்ட பிறகு, ரைடின் விலையில் ஆறில் ஒரு பங்கு குறைந்தது. கடைக்காரர் கண்ணாடிக் கூட்டைக் கவிழ்த்துப் பார்த்தார். உள்ளே கண்ணாடி துடைக்கும் துணி மட்டும்தான் மிச்சம். பிறகு தலையணை உறையை விலக்கி ஹை-ஹேட்டைப் பார்த்தார்.

“இத யாரு பாத்து எடுத்தது?”

“நான்தான்.”

“நல்ல ஜோடி. எடுத்துட்டுப் போங்கண்ணே. மூணு வாரமா நீங்க தட்டின தட்டுல இது செகண்ட் ஹேண்ட் போய் தேர்ட் ஹேண்ட் ஆயிடுச்சு. அதக் கழிச்சுக்கிறேன்.”

மூன்று மணிக்குப் பட்டறை மாடியில் மாட்டினார்கள். பழைய பித்தளைகளைக் கழற்றி மைத்துனனிடம் கொடுத்தார். விரிசல் விட்ட கிராஷை அவன் கவிழ்த்துப் போட்டு, அதில் ஸ்குரூக்களைக் கொட்டி வைத்துக்கொண்டான். ஓட்டை வழியாகச் சின்னதெல்லாம் ஒழுகிப் போவதாகப் பிறகு புகார் சொன்னான். முதல் பாட்டு ஒரு நிமிடம் போனதும் கணக்கு வாத்தியார் கையைத் தூக்கி நிறுத்தினார்.

“என்ன வாத்தியாரே?”

“ஒண்ணுமில்ல. என் கிட்டார் எனக்கே கேக்குது. கொஞ்சம் பயமா இருக்கு.”

மறுநாள் திங்கட்கிழமை, வயிற்றுப்புண் மாத்திரைப் பெட்டி. முதல் ஷீட் மேசைக்கு வந்தது. மேனேஜரும் வந்தார்.

“சரியா இருக்கா?”

மாதிரியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பச்சை சரியாக இருந்தது. எழுத்து சரியாக இருந்தது. மடிப்புக் கோடு சரியாக இருந்தது.

“சரியா இருக்கு சார்.”

“ஓட்டலாமா?”

“ஓட்டலாம் சார்.”

மேனேஜர் காத்திருந்தார். வேறொன்றும் வரவில்லை. சாவியை மேசைமேல் வைத்துவிட்டுக் குனிந்தார். ஷீட்டை நாலு மூலையிலும் பார்த்தார். இவர் முகத்தைப் பார்த்தார். மறுபடி ஷீட்டைப் பார்த்தார்.

“எதுக்கும் இன்னும் ஒரு ஷீட் பாத்துடலாம்யா” என்றார்.

இயந்திரம் ஓட்டுகிறவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு இன்னொரு ஷீட் எடுத்துக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை நடந்ததை மேனேஜர் யாரிடமும் சொல்லவில்லை. இவரும் சொல்லவில்லை. அதனால் பெயர் மாறவில்லை.

விழாவில் இரண்டாவது பாட்டில் ஒரு தவறு நடந்தது. பாட்டு திரும்பும் இடத்தில் இவருடைய வலது கை, பதினோரு வருடப் பழக்கத்தில், கிராஷ் இருந்த இடத்துக்குப் போய்க் காற்றில் ஓங்கி ஒன்று வைத்தது. மைத்துனன் வாசித்துக்கொண்டே சிரித்தான். அதற்குப் பிறகு அந்த இடங்களில் எல்லாம் குச்சியின் பக்கவாட்டால் ரைடின் விளிம்பைச் சாய்த்து அடித்தார். கடையில் தட்டிப் பார்த்தபோதே அது தெரியும்: விளிம்பில் அடித்தால் விரிந்து எழும், ஆனால் கத்தாது. ஐந்தாவது வரிசையில் மகள் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். மனைவி படம் பிடிக்கவில்லை; கையைக் கட்டிக்கொண்டு, கடையில் வாடிக்கையாளருக்குப் புதுக் கண்ணாடி மாட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்ப்பாரே, அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்காவது பாட்டின் கடைசியில் பெரிதாக ஒன்று அடித்து முடிக்க வேண்டும். ரைடின் விளிம்பில் முழு வீச்சாக அடித்துவிட்டு, சத்தம் தானாக அடங்கும்வரை விட்டார். கைதட்டல் அதற்கு மேலே ஏறி வந்தது. முதல் வரிசையில் முதலாளி, பக்கத்தில் இருந்த மேனேஜர் பக்கம் சாய்ந்து ஏதோ கேட்டார். மேடை விளக்குகளின் ஓரமாக இவருக்கு அது தெரிந்தது. மேனேஜரின் வாய் அசைந்தது. என்ன சொல்லியிருப்பார் என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. இவர் வாயைப் பார்க்கவில்லை. இடது கண்ணைத்தான் பார்த்தார். அது திறந்தே இருந்தது.